ஒரு போத்தல் உப்புநீரின் கதை

சென்ற தவணையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. குடல்வால் அழற்சிக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டுத் திரும்பி வந்த அன்று, சக மாணவர்கள் அவனைச் சூழ்ந்து நின்றனர். வயிற்றுத் தழும்பைக் காட்டுவதிலும், புறங்கையில் ஊசி ஏறிய இடத்தைக் காட்டுவதிலேதான் அவனுக்குப் பெருமை.

“எனக்கு ஏழு போத்தல் சேலைன் ஏத்தினவை, சேர்!”

“அந்தப் போத்தலுக்குள்ள என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

அவன் விழித்தான். பக்கத்தில் நின்றவன் முந்திக்கொண்டு, “சேலைன்தான், சேர்” என்று எனக்கே பாடம் சொன்னான்.

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். ஆனால், வீட்டுக்குச் செல்லும் வழியெல்லாம் அந்த வினா என்னை விடவில்லை. தமிழ் படித்தவன் நான், மருத்துவம் படித்தவனல்லன். ஆயினும், ஒரு சொல் எதை வெளிப்படுத்துகின்றது, எதை மறைக்கின்றது என்று பார்ப்பதுதானே எனது தொழில்? வன்னியின் கிராமங்களில் நாளத்தினூடு ஏற்றப்படும் திரவம் அனைத்துக்கும் ‘சேலைன்’ என்ற ஒரே பெயர்தான். உண்மையில் அந்தப் போத்தல்களுள் ஒன்று உப்புநீர், ஒன்று சர்க்கரைநீர், ஒன்று இரண்டும் கலந்தது, இன்னொன்று குருதியின் உப்புக்களைப் பலவகையிலும் ஒத்தது. பார்வைக்கு எல்லாம் தெளிந்த நீர்தான். ஆனால் சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்கும் ஒரு குழந்தைக்கு, இவற்றுள் எது ஏறுகின்றது என்பது சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடாகும். இவ்வுண்மையை உலகம் கண்டறிய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

*

கதை 1831இல் தொடங்குகின்றது. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வாந்திபேதி பரவியது. அழுக்கு நீரும் நெருக்கமான குடிசைகளுமே உழைப்பாளருக்கு அந்நாட்டின் தொழிற்புரட்சி அளித்த கொடைகள்; அவர்களே முதலில் மாண்டனர். வைத்தியர்களோ, நீரிழந்து வற்றிக் கிடந்தவர்களின் உடலிலிருந்து மேலும் இரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தனர். அப்போது இருபத்திரண்டே வயதினரான வில்லியம் ஓஷோனசி என்ற ஐரிஷ் இளைஞர் நோயாளரின் குருதியைப் பகுத்தாராய்ந்தார். குருதி நீரையும் உப்பையும் இழந்துவிட்டது. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தலே வழி என்றார்.

அவர் சொன்னதை 1832இல் செய்துகாட்டியவர் ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்து வைத்தியர் தோமஸ் லற்றா. இறக்குந் தறுவாயிற் கிடந்த முதியவள் ஒருத்தியின் நாளத்தினுள் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன, காணாமற்போன நாடி திரும்பியது, அவள் பேசினாள். மகிழ்ந்த லற்றா அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டது, நீர் மீண்டும் ஏற்றப்படவில்லை, சில மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

இந்த முதற் கதையிலேயே மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. ஏற்றும் நீரில் என்ன இருக்கவேண்டும்? எவ்வளவு ஏற்றவேண்டும்? அருகிலிருந்து பார்ப்பவர் யார்? பின்வந்த வரலாறு முழுவதும் இம்மூன்று வினாக்களுக்கும் மனிதர் விடை தேடிய வரலாறே எனலாம்.

லற்றா 1833இல் மறைந்தார். அவரது முறையும் கைவிடப்பட்டது. கிருமி என்பதை எவரும் அறியாத காலம் அது. ஏற்றிய நீரே நஞ்சாகிப் பலரைக் கொன்றது. அதே நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழிநெடுகப் பேதியால் மாண்டு விழுந்த அவர்களுக்கு உப்புநீரும் இல்லை, வைத்தியரும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை.

1880களில் லண்டனில் சிட்னி றிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டு ஆராய்ந்தார். அது நெடுநேரம் துடித்தது. பின்னர் தூய வடிநீரிற் கலந்த உப்பில் இட்டபோது துடிப்பு ஓய்ந்தது. காரணம் தேடியவர் தமது உதவியாளர் முன்பு குழாய்நீரைப் பயன்படுத்தியதை அறிந்தார். அந்நீரிலிருந்த கல்சியமே இதயத்தை இயக்கியது. கறியுப்பு மட்டும் குருதியாகாது என்பது அன்று தெளிவாயிற்று. 1923இல் அமெரிக்க விஞ்ஞானி புளோரன்ஸ் சீபேட் என்ற பெண்மணி, வடிநீரிற் கலந்திருந்த பற்றீரியாக் கழிவே நோயாளருக்குக் காய்ச்சலை உண்டாக்கியதென நிறுவினார். 1930களில் சென்ற் லூயிஸ் நகரின் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன், வயிற்றோட்டத்தால் வாடிய சிசுக்களுக்காக றிங்கரின் நீரிலே லக்றேற்றைச் சேர்த்தார். இன்றும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் தொங்கும் ‘ஹார்ட்மன்’ போத்தல், ஏழைக் குழந்தைகளின் பேதியிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

*

இனி 1957ஆம் ஆண்டுக்கு வருவோம். இக்கதையின் திருப்பம் அங்கேதான் நிகழ்கின்றது.

அவ்வாண்டில் ஹொலிடே, சீகர் என்னும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் இருவர், வாயால் உண்ண முடியாத குழந்தைக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கொன்றைத் தந்தனர். உடல் நிறையின் முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர். அடுத்த 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 50. அதற்கு மேல் 20. இதன்படி 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிலீற்றர். எந்த மூலையிலுள்ள வைத்தியரும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு அது. உலகமெங்கும் பரவியது, எண்ணற்ற குழந்தைகளுக்கு உதவியது, இன்றும் உதவுகின்றது.

ஆனால் அந்நீரில் எவ்வளவு உப்பு இருக்கவேண்டும் என்பதற்கு அவர்கள் வேறோர் அளவுகோலைக் கொண்டனர்: தாய்ப்பாலும் பசுப்பாலும் குடிக்கும் நலமான குழந்தை பெறும் உப்பின் அளவு. இக்கணக்கின் வழியே வந்தது, குருதிக்கு ஒத்த உப்புநீரின் ஐந்தில் ஒரு பங்கு உப்பு மட்டுமுள்ள சர்க்கரைநீர். பல தசாப்தங்களாகப் பல நாடுகளில் குழந்தைகளுக்கு வழமையாக ஏற்றப்பட்டது அதுவே.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குகிறேன். மனிதக் குருதியின் நீர்ப்பகுதியில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமூல் வரை உண்டு. லீற்றருக்கு 9 கிராம் உப்புள்ள நீரில் 154. ஐந்திலொரு பங்கு உப்புநீரிலோ ஏறத்தாழ 31. போத்தலினுள் இருக்கும்வரை சர்க்கரை அந்நீருக்குச் செறிவைக் கொடுக்கின்றது. உடலினுட் சென்றதும் கலங்கள் சர்க்கரையை எரித்துவிடுகின்றன. எஞ்சுவது என்ன? 1500 மில்லிலீற்றரில் 300 மட்டுமே குருதியை ஒத்த உப்புநீர். மிகுதி 1200 வெறும் பச்சைத் தண்ணீர்!

நலமான பிள்ளையின் சிறுநீரகம் அந்த மிகை நீரைக் கழித்துவிடும். ஆனால் சத்திரசிகிச்சைக்குள்ளான பிள்ளை நலமான பிள்ளையன்று. நோவு, அச்சம், குமட்டல், குருதியிழப்பு, நோவடக்கும் மருந்து ஆகிய ஒவ்வொன்றும் வாசோபிரசின் என்னும் ஓமோனைச் சுரக்கத் தூண்டுகின்றது. அது சிறுநீரகத்தின் கதவை அடைத்து நீரை உள்ளே நிறுத்துகின்றது. காயம்பட்ட விலங்கு தண்ணீரின்றிப் பிழைத்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. நாமோ, கதவடைத்த வீட்டினுள் தண்ணீரை ஊற்றுகிறோம். குருதியின் சோடியம் ஐதாகின்றது, நமது விஞ்ஞான பாடநூல் கூறும் பிரசாரணத்தின்படி நீர் மூளைக் கலங்களினுட் புகுகின்றது, மூளை வீங்குகின்றது. பிள்ளைகளின் மண்டையோட்டினுள் மூளை விரிய இடம் மிகக் குறைவு. முதலில் தலையிடி, பின் வாந்தி, பின் சோர்வு. ‘மயக்க மருந்தின் களைப்பு, தூங்கட்டும்’ என்று பெற்றோரும் எண்ணுவர். அடுத்தது வலிப்பு, பின் மூச்சு நிற்கும்.

இந்த ஓமோன் தகாத வேளையிற் சுரந்து சோடியத்தைக் குறைக்கக்கூடும் என்பதைச் சுவாட்ஸ், பாற்றர் முதலியோர் வெளியிட்டதும் அதே 1957ஆம் ஆண்டில்தான்! ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு கட்டுரை கணக்கைச் சொன்னது. மற்றது அக்கணக்கின் ஆபத்தைச் சொன்னது. இரண்டையும் ஒருசேரப் படுக்கையருகே வைத்துப் பார்க்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் சென்றது.

1992இல் ஏரியெவ், அயூஸ், பிறேசர் ஆகியோர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பதினாறு பிள்ளைகளின் வரலாற்றை வெளியிட்டனர். நலமாயிருந்த பிள்ளைகள் அவர்கள். சோடியக் குறைவால் மாண்டனர், அல்லது மூளை நிரந்தரமாகச் சிதைந்தனர். பலருக்கு நடந்தவை சிறிய சத்திரசிகிச்சைகளே. 2003இல் மோறிற்ஸ், அயூஸ் இருவரும் குருதிக்கு ஒத்த உப்புநீரையே வழமையாக்குக என்று வாதிட்டனர். 2007இல் இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம், ஐந்திலொரு பங்கு உப்புநீரைப் பொதுவான குழந்தை விடுதிகளிலிருந்து அகற்றுமாறு எச்சரித்தது. 2014இல் 1106 பிள்ளைகள் பற்றிய பத்து ஆய்வுகள் தொகுக்கப்பட்டன: ஐதான திரவம் பெற்றோரில் 34 வீதத்தினருக்கும், குருதிக்கு ஒத்த திரவம் பெற்றோரில் 17 வீதத்தினருக்கும் சோடியம் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு மெல்பேண் நகர ஆய்வு 11க்கு 4 வீதம் என்று காட்டியது. 2018இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கழகமும், பிறந்து 28 நாள் முதல் 18 வயது வரையினருக்குக் குருதிக்கு ஒத்த திரவமே ஏற்றது என அறிவித்தது. சில நோய்களுக்கும் சிசுக்களுக்கும் விதிவிலக்குகள் உண்டு. அவற்றை வைத்தியரே அறிவார்.

*

இக்கதையை அறியாமையின் கதை என்று மட்டும் முடித்தல் நேர்மையாகாது. அறியாமை மன்னிக்கத்தக்கது, மறைத்தல் அத்தகையதன்று.

வட அயர்லாந்தில் ஐந்து பிள்ளைகளின் மரணங்கள் குறித்து 2004இல் விசாரணையொன்று நிறுவப்பட்டது. நீதிபதி ஜோன் ஓஹாரா தமது அறிக்கையை வெளியிட்டது 2018 ஜனவரியில். பதினான்கு ஆண்டுகள்! வைத்தியத்தில் நேர்ந்த பிழைகளை மட்டும் அவ்வறிக்கை சாடவில்லை. பெற்றோருக்கு உண்மை சொல்லப்படாததையும், நிறுவனங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முனைந்ததையும் கண்டித்தது. உண்மையைத் திறந்து சொல்லுதலைச் சட்டக் கடமையாக்குக என்று பரிந்துரைத்தது. ஒரு குழந்தையின் சாவிலிருந்து நாம் பாடம் கற்காவிடின், இரண்டாவது குழந்தையின் சாவுக்கு நாமே பொறுப்பாளிகள் என்பது இதன் சாரம். செல்வமும் கல்வியும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை எனில், கேள்வி கேட்கப் பழகாத நமது கிராமத்துத் தாய்மாரின் நிலை யாது?

*

‘தேர்வு’ என்ற சொல்லை நான் எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகின்றது. வன்னியில் எந்தத் திரவம் நல்லது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே நம் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு.

1990 முதல் வடபுலத்தின்மீது விழுந்த பொருளாதாரத் தடையினால் மருந்தும் அனுமதிச் சீட்டின் பொருளாயிற்று. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வீழ்ந்தபின், வைத்தியசாலைகள் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தன. எறிகணைக்குள்ளான புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பெப்ரவரி தொடக்கத்தில் கைவிடப்பட்டது. புதுமாத்தளனில் ஒரு பாடசாலையே வைத்தியசாலையாயிற்று, அதன்பின் முள்ளிவாய்க்கால். நான் அப்போது பாடசாலை மாணவன். மரக்கொப்பில் கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்ட போத்தல்களையும், அவற்றின்கீழ் தறப்பாள்மேற் கிடந்த பிள்ளைகளையும் கண்டவன். போத்தலில் என்ன இருந்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. போத்தல் இருக்கின்றதா என்பதே கேள்வி.

ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, இருதரப்பினர்மீதும் பாரிய குற்றச்சாட்டுக்களை முன்வைத்தது. சத்திரசிகிச்சைப் பொருட்கள் உட்பட மருத்துவ உதவி அப்பகுதிக்குத் தடுக்கப்பட்டது என்பதும் அவற்றுள் ஒன்று. எஞ்சியிருந்த வைத்தியரும் தாதியரும், மயக்க மருந்தும் குருதியும் தட்டுப்பட்ட நிலையிலும் பணியாற்றினர். அறிவு அவர்களிடம் இருந்தது, பொருள் மறுக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், அது குழந்தையின் நாளத்தை அடைவதற்குரிய பாதை அரசியலால் திறக்கப்படுகின்றது, அல்லது அடைக்கப்படுகின்றது.

2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி முகாம்களுள் அடைக்கப்பட்டனர். பெரும் முகாமாகிய மெனிக் பாம் அமைந்தது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில். கூடாரங்களினுள் வயிற்றோட்டத்துக்கு அஞ்சிய தாய்மார் ‘ஜீவனி’ப் பொட்டலத்தை ஆறிய நீரிற் கரைத்து ஊட்டினர். அந்தப் பொட்டலத்துக்கும் ஓர் அகதி முகாமின் வரலாறு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவி, நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்தது. திலீப் மகலாநபிஸ் என்ற வைத்தியர், லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கலந்து, பாயருகே இருந்த உறவினர் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது. குடிக்க இயலாத, வயிறு கிழிபட்ட பிள்ளைக்கு அது பயன்படாது என்பது உண்மை. ஆனால் அறிவு வைத்தியரின் பையிலிருந்து தாயின் கைக்கு மாறலாம் என்பதை அது நிறுவிற்று.

பொருள் மக்களை அடைவதற்கு வழி கண்ட பெருமை நமது தீவுக்கும் உண்டு. 1971இல் பொதுவுடைமையாளரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் எழுதிய அறிக்கை, வர்த்தகப் பெயர்களின் சந்தையிலிருந்து மருந்தை மீட்டு, அவசியமானவற்றை அரசே மொத்தமாக வாங்க வழிகாட்டியது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது அவ்வாறே. அம்மரபை நாம் எவ்வளவு தளரவிட்டோம் என்பதை 2022 காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றிய அவ்வாண்டு மார்ச்சில், பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகள் மருந்தின்றி நிறுத்திவைக்கப்பட்டன. 2009இல் வன்னி அறிந்த பசியின் ஒரு துளியை அன்று தென்னிலங்கைத் தாயும் அறிந்தாள். துன்பத்திலாவது இரு தாய்மாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வாராயின் நல்லது.

*

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, நாம் செய்யக்கூடியது யாது?

லற்றாவின் மூன்று வினாக்களை நாம் கேட்கப் பழகவேண்டும். ‘என்ன?’ என்பதற்கு இன்றைய விடை: சத்திரசிகிச்சையின்போது குருதியின் உப்பை ஒத்த திரவம், பெரும்பாலும் ஹார்ட்மன் வகை, சிசுக்களுக்கும் நெடுநேரம் பட்டினி கிடந்தோருக்கும் சிறிதளவு சர்க்கரை. ‘எவ்வளவு?’ என்பதற்கு: பிள்ளையை நிறுத்துப் பார்த்த கணக்கு. சத்திரசிகிச்சைக்குப் பின்னர், நீர் உள்ளே தங்கும் அபாயம் உண்டெனில் வழமையான கணக்கைக் குறைப்பதும் உண்டு. ‘யார் பார்ப்பது?’ என்பதற்கு: நாளுக்கு ஒரு முறையேனும் சோடியத்தையும் சர்க்கரையையும் அளக்கும் ஆய்வுகூடம், உறங்காத தாதி, தலையிடி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றைக் கண்டவுடன் சொல்லும் தாய். பட்டினியையும் மறத்தலாகாது. தெளிந்த நீரைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்புவரை பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஐரோப்பிய மயக்கமருந்து வைத்தியர்கள் 2022இல் வழிகாட்டியுள்ளனர். ‘எப்போது வரை தண்ணீர் கொடுக்கலாம்?’ என்று வைத்தியரிடம் கேட்பது தாயின் உரிமை. கேள்வி கேட்பது வைத்தியரை அவமதிப்பதன்று, அவருக்குத் துணைநிற்பதாகும். அத்தோடு நில்லாது, ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் ஆய்வுகூடம் இரவிலும் இயங்கவேண்டும், தாதியர் வெற்றிடங்கள் நிரப்பப்படவேண்டும் என்று குரலெழுப்புவதும் நம் கடமை.

இவையெல்லாம் தமிழிற் சொல்லக்கூடியவையா என்று ஐயுறுவோர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி: 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இலேயே தமிழில் வந்துவிட்டது. அமெரிக்கர் ஒருவர் அன்று நம்பிய மொழியை நாம் இன்று நம்பாதிருப்பது நாணத்தக்கது.

மறுநாள் அவ்வகுப்பில் கரும்பலகையில் நான்கு போத்தல்கள் வரைந்தேன். உப்புநீர், சர்க்கரைநீர், கலவைநீர், ஹார்ட்மன் என்று ஒவ்வொன்றின்கீழும் எழுதினேன். கொப்பியில் எழுதிமுடித்த அந்த மாணவன் எழுந்து நின்று கேட்டான்:

“அப்ப எனக்கு ஏத்தினது எது, சேர்?”

எனக்குத் தெரியாது என்றேன். “அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க டொக்டரிட்டக் கேள்” என்றேன்.

“கேட்கலாமோ, சேர்?”

கேட்கலாம். கேட்கவேண்டும்.